கட்டைவிரல் போட்டால் ஆச்சா?

போன புதன்கிழமை காலை. அடுப்பில் குழம்பு, கையில் கரண்டி, மேடை மேல் போன். மீஞ்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் – மிக்ஸிக்குப் பக்கத்தில்.

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் நான் தலைமை ஆசிரியையாக இருந்த நடுநிலைப் பள்ளியின் குழு அது. ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகப் போகிறது. என்னைக் குழுவிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அல்லது ஞாபகம் வரவில்லை.

இரண்டு நிமிட வாய்ஸ். குழம்பு கொதிக்கிற நேரத்தில் யார் கேட்பது? கீழே ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வெண்டைக்காயைப் பார்க்கப் போனேன்.

உடனே போன் அடித்தது. தனம்.

“டீச்சர், நான் அனுப்பினத கேட்டீங்களா?”

“கேட்டேன் தனம்.”

“இன்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்.”

முப்பது வருடம் கடைசி பெஞ்சைப் பார்த்து நான் கேட்ட கேள்வி. கடைசி பெஞ்சு எப்படி முழிக்குமோ அப்படியே முழித்தேன்.

“ரெண்டு நிமிசம் பேசி அனுப்பிக்கிறேன். அது வந்த ஒடனே கட்டவெரலு வருது. எப்டி கேட்டிருப்பீங்க? சரி, வேலைய முடிச்சிட்டு நிதானமா கேளுங்க. எங்கியும் போயிடாது.”

வைத்துவிட்டார்.

யார் இந்தத் தனம் என்று கேட்பீர்கள். கல்வி அதிகாரி இல்லை. ஏரிக்கரைக் குப்பங்களின் படகுத்துறைகளில் இறாலும் நண்டும் வாங்கி, கூடையில் சுமந்து ஊருக்குள் தெருத் தெருவாக விற்கிறவர். அவருடைய மகள் லாவண்யா என் பள்ளியில் படித்தாள். கொரோனா வருடத்தில் அந்தப் பெண் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டே போயிருப்பாள். காரணம் வைரஸ் இல்லை. நான் எழுதி ஒட்டிய ஒரு நோட்டீஸ்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் செய்த தப்பையெல்லாம் எழுதியாயிற்று. இந்த வாரம் என் முறை.

பள்ளிகளை மூடிய சில மாதங்களில் மேலிடத்து உத்தரவு வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிப்பார்கள். எந்த நாளில் என்ன பாடம், எப்படி நடக்கும் என்பதைப் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். தெரிவித்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள்.

அந்தக் கடைசி வரிதான் எங்கள் உயிரை எடுத்தது. பெற்றோருக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஆதாரம் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினேன். ‘இணையவழிக் கற்றல் செயல்பாடுகளுக்குத் தங்கள் மேலான ஒத்துழைப்பை நல்குமாறு...’ என்றெல்லாம் வரும். எனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். குழுவில் போட்டதுதான் தாமதம் – சரசரவென்று கட்டைவிரல்கள். ஒருவர் கும்பிடு போட்டார். இன்னொருவர் பெரிய கொடுவா மீன் ஒன்றின் படத்தைப் போட்டு ‘வேணும்றவங்க சொல்லுங்க’ என்றார். ஏதோ வேறு குழுவுக்குப் போக வேண்டியது. எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். ஆதாரம் ஆச்சு.

மறுவாரம் ஆன்லைன் வகுப்பு. நாலே பிள்ளைகள்.

ஒரு பையனின் பெயரைக் கூப்பிட்டேன். திரையில் பையன் இல்லை, தண்ணீர் தெரிந்தது. நடு ஏரி.

“டீச்சர், நானு அவன் நைனா பேசறேன். புள்ள வூட்ல கீறான், போனு என்கிட்ட கீது. நான் வேணா கேட்டுக்கினு போய் அவனுக்கு சொல்லட்டா?”

அன்று அவருக்குப் பின்னங்கள் நடத்தினேன். நன்றாகத்தான் கவனித்தார்.

வீட்டுக்கு ஒரு போன். அந்த ஒன்றும் விடிவதற்குள் படகேறிவிடும். இது எனக்குத் தெரியாதா? அத்தனை வருடம் அந்தக் கரையில் வேலை பார்த்தவள்... தெரியும். ஆனால் சுற்றறிக்கை எழுதும்போது தெரிந்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ.

சரி, போன் வேண்டாம், தாளில் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு கத்தை பயிற்சித்தாள், ஆபீஸிலிருந்து அச்சாகி வரும். பெற்றோரோ பிள்ளையோ பள்ளிக்கு வந்து வாங்கிப் போக வேண்டும், அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வர வேண்டும். கூட்டம் சேரக் கூடாது என்பதால் ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு நாள். தனத்தின் குப்பத்துக்குத் திங்கள்.

மறுபடி நோட்டீஸ். இந்தத் தடவை சின்னதாக, கொட்டை எழுத்தில், ஏலம் போடும் கொட்டகையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டினோம். ‘ஒதுக்கப்பட்ட நாளில் மட்டுமே வர வேண்டும். மற்ற நாட்களில் வரக் கூடாது.’

தெளிவாகத்தானே இருக்கிறது? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் வாரம் ஏறக்குறைய எல்லோரும் வந்தார்கள். இரண்டாம் வாரம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் வாரம் இன்னும் குறைந்தது. ஒரு தடவை வராமல் போனவர்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மேஜையில் தாள் கத்தைகள் மிஞ்சிக்கொண்டே போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே மூடிக் கிடந்த சைக்கிள் கடை நிழலில் ஒரு பெண் நின்றார். முகக்கவசம், தலையில் முந்தானை. யாரென்று தெரியவில்லை. அரை மணி நேரம் எங்கள் கேட்டைப் பார்த்தபடியே நின்றவர், பிறகு நடந்து போய்விட்டார். யாருக்கோ காத்திருக்கிறார் போல என்று நான் வேலையைப் பார்த்தேன்.

அந்த மாதக் கடைசியில் இன்னொரு உத்தரவு. தாள் வாங்காத பிள்ளைகளின் பட்டியல் வேண்டும், காரணத்தோடு. ஜெராக்ஸ் கடை மூடிக் கிடந்த காலம். பள்ளியில் வெள்ளைத் தாளுக்குப் பஞ்சம். மிஞ்சிக் கிடந்த கத்தையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பின்பக்கம் காலியாக இருந்ததே, அதில் பட்டியலை ரஃப்பாக எழுதினேன். பெயர், வகுப்பு, பெற்றோர், காரணம். காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே சொல் – ஆர்வமின்மை.

அதைப் பார்த்துப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, தாளை மறுபடி கத்தையோடு வைத்தேன். யாரையாவது கேட்டேனா? இல்லை. யார் வீட்டுக்காவது போனேனா? இல்லை. எழுத எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா...

அந்த வாரம் ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு வேன் நின்றது. எளாவூர்ப் பக்கம் இறால் உரிக்கும் வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். வரிசையில் ஐந்தாறு பேர். கடைசியில் நின்றவள் எங்களைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பினால் ஆச்சா? முதுகில் எங்கள் பள்ளியில் கொடுத்த புத்தகப் பை. உள்ளே சாப்பாட்டு டப்பா.

லாவண்யா. எட்டாம் வகுப்பு. கணக்கில் என்னையே தடுமாற வைக்கிற பெண்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று நான் இறங்குவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... மத்தியானமே தனம் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய கணவர் ஏழுமலை பாயில் படுத்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். அவருக்குத் தொற்று வந்து, தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்தார்களாம். அது எனக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“ஏம்மா தனம், அடைச்சது ரெண்டு வாரம். அதுக்கப்புறமாவது தாள் வாங்க வந்திருக்கலாம் இல்ல? அவளைப் போய் வேன் ஏத்தி அனுப்பறீங்களே, மனசு எப்படி வந்தது?”

தனம் கூடையைக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லை அவர் முகத்தில், ஆச்சரியம்தான் இருந்தது.

“எங்க முறைதான் போயிடுச்சே டீச்சர்.”

“என்ன முறை?”

“எங்களுக்கு திங்கக்கெழமனு போட்டீங்க. ரெண்டு திங்கக்கெழம போயிடுச்சி. தகரத்த எடுத்தது செவ்வாக்கெழம. அன்னிக்கே வந்தேன். ஆனா அது வேற குப்பத்துக்காரங்க நாளு. அவுங்க நாள்ல நான் எப்டி உள்ள வந்து நிக்கறது? நாயமா அது? ரோட்டாண்டயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.”

சைக்கிள் கடை நிழல்.

கவிழ்த்திருந்த இன்னொரு கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏரியை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டப் போனால் மண்டை உடையும். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். இன்று இந்த இடம் இவர்களுக்கு, நாளை அவர்களுக்கு. பாடு என்பார்கள். உன் நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தால் அது உன் கஷ்டம். மறுநாள் போய், ‘நேற்று விட்டதை இன்று கொடு’ என்று கேட்க முடியாது. அது இன்னொருத்தர் வீட்டுச் சோறு. மீறி வலையை இறக்கினால் ஊர் கூடிக் கேட்கும். போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல் அந்தத் தண்ணீரில் அமைதி நிற்பது இதனால்தான்.

இப்போது என் நோட்டீஸை மறுபடி படித்துப் பாருங்கள். ‘ஒதுக்கப்பட்ட நாளில் மட்டுமே வர வேண்டும். மற்ற நாட்களில் வரக் கூடாது.’

அவர்கள் என் நோட்டீஸைப் படிக்காமல் இல்லை. நான் எழுதியதைவிட ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். போன வாரம் விட்டதை இந்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் எங்கே இருக்கிறது? எனக்கு அது சொல்லாமலே விளங்குகிற விஷயம். அவர்களுக்கோ, விட்டது விட்டதுதான் என்பது சொல்லாமலே விளங்குகிற விஷயம்.

“அப்ப மூணாவது திங்கக்கிழமை வந்திருக்கலாமே தனம்?”

“ரெண்டு வாட்டி விட்டவ மூணாவது வாட்டி எந்த மூஞ்ச வெச்சிக்கினு வருவேன்? பேர எடுத்துட்டு இருப்பீங்கனு நெனச்சோம். நாங்க மட்டும் இல்ல டீச்சர், விட்டவங்க எல்லாருமே அப்டித்தான் நெனச்சிக்கினு கீறாங்க. இவளும் நாலு நாளு அழுதா. அவுங்க நைனாவால இன்னும் எழுந்து உக்கார முடியல. வருசம் போனது போச்சி, வேனுக்காவது போவட்டும்னு வுட்டேன்.”

‘எல்லாருமே’ என்றார். என் பட்டியல் முழுக்க ஒரே சொல் எழுதியிருந்தேனே, அந்த எல்லோரும்.

“யாருடைய பேரையும் எடுக்கல தனம். இங்க விட்டது போகாது. எப்ப வந்தாலும் உண்டு. எட்டாவது முடிச்சு ஒன்பதாவது சேரணும் அவள்” என்றேன்.

“மெய்யாலுமா?”

“சத்தியமா.”

தனம் உள்ளே பார்த்தார். ஏழுமலை பாயிலிருந்து தலையை மட்டும் தூக்கி, “அப்ப இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல டீச்சர்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அடுத்த திங்கள் காலையிலிருந்து கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்து மணி, பதினொன்று... வேனுக்குத்தான் போய்விட்டாளோ? பன்னிரண்டரைக்கு லாவண்யா வந்தாள். அதே பை. கையை நீட்டிக் கத்தையை வாங்கும்போது பார்த்தேன் – ஐஸில் போட்ட இறாலை உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் தோல் வழன்றிருந்தது. “பென்சில் பிடிக்க முடியுமாம்மா?” என்றேன். “மெதுவா எழுதறேன் மிஸ்” என்றாள்.

விட்டுப்போன வாரங்களின் தாள்களையும் தேடி எடுத்து மொத்தமாகக் கொடுத்தேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மறுவாரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு திருத்த உட்கார்ந்தேன். கணக்கு அத்தனையும் சரி. ஒரு தாளைத் திருப்பினேன். என் கையெழுத்து. என் பட்டியல். ஆறாவது வரியில் லாவண்யா, எட்டாம் வகுப்பு, ஏழுமலை – தனம், ஆர்வமின்மை.

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. வேறு ஒரு வார்த்தை இல்லை. அவள் நோட்டில் தப்பு வரும்போது நான் எப்படிப் போடுவேனோ, அதே அளவில், அதே இடத்தில்.

அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அழுதேன்.

திருத்திய பட்டியல் ஒன்றை மேலே அனுப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘தலைமை ஆசிரியையின் அறிவிப்பு சரியில்லை’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து போன். அப்படி ஒரு காரணம் படிவத்தில் இல்லையாம் மேடம், வேறு ஏதாவது போடுங்கள் என்றார்கள்.

மற்ற பிள்ளைகளை என்ன செய்வது? புது நோட்டீஸ் ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு தனத்திடம் போனேன். ஒட்டுவதற்கு முன் காட்டலாம் என்று. அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது.

“எழுதி ஒட்டாதீங்க டீச்சர்” என்றார். “நான் தெனம் ஒவ்வொரு தொறைக்கும் எறா வாங்கப் போறேன். வாயால சொல்லிக்கினு வரேன். சொன்னா மட்டும் போதாது. ஏலத்துல இன்னா பண்றோம்? சும்மா தலைய ஆட்டினா கூடைய கொடுத்துடுவாங்களா? வாயத் தொறந்து சொல்லணும் இல்ல? அதுமாரி, கேட்டவங்க எனக்கு திருப்பி சொல்லணும். சொன்னாதான் நான் அடுத்த ஆளாண்ட போவேன்.”

போனார். கூடையும் முகக்கவசமுமாகத் துறை துறையாக நின்று, “விட்டது போவாது, எப்ப வேணா வாங்கலாம்னு டீச்சர் சொல்லிக்கிறாங்க. இன்னா சொன்னேன், சொல்லு” என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டிருக்கிறார். இரண்டே வாரம். என் மேஜையில் மிஞ்சிய கத்தை எதுவும் இல்லை.

தொற்று ஓய்ந்து பள்ளி திறந்ததும் குழுவின் அறிவிப்பு வேலை தானாகவே தனத்திடம் போய்ச் சேர்ந்தது. எழுத்து கிடையாது, வாய்ஸ் மட்டும். கட்டைவிரல் போடுகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை மேலே பார்த்தீர்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் சுவரில், பேங்க் கவுண்டரில், நம் அபார்ட்மெண்ட் லிஃப்டில் – எத்தனை அறிவிப்புகள். ஒட்டியாயிற்று, சொல்லியாயிற்று, இனி அவர்கள் பாடு என்று கையைத் தட்டிக்கொண்டு போகிறோம். அதைப் படித்துவிட்டு எதிர்க் கடை நிழலில் அரை மணி நேரம் நின்று திரும்பிப் போகிறவரை யார் கணக்கில் வைக்கிறோம்? அவருக்குத்தான் சுலபமாக ஒரு சொல் வைத்திருக்கிறோமே.

லாவண்யா இப்போது பொன்னேரியில் காலேஜ். கணக்குதான் எடுத்திருக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் உட்கார இடம் தருகிறாள். அந்தப் பெருக்கல் குறியைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தத் தாள் மட்டும் என் பீரோவில் இருக்கிறது.

புதன்கிழமைக்கு வருகிறேன். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, நாற்காலி போட்டு மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்ஸை முழுசாகக் கேட்டேன்.

“எல்லாருக்கும் சொல்றேன். வர்ற சனிக்கெழம காத்தால பத்து மணிக்கு ஸ்கூல்ல கூட்டம். எட்டாவது புள்ளைங்க ஒம்பதாவது எங்க சேரணும், எப்டி சேரணும்னு சொல்லப் போறாங்க. பெரிய டீச்சரும் வராங்க...”

பெரிய டீச்சர் என்றால் நான்தான். என்னைக் கேட்கவே இல்லை. அதற்குத்தான் கட்டைவிரலைப் போட்டிருக்கிறேன்.

“...சனிக்கெழம ஏரிக்கு முறை இருக்கறவங்க, வேலைக்கு போறவங்க, திங்கக்கெழம வாங்க. அதயும் விட்டா செவ்வாக்கெழம வாங்க. யாரும் ரோட்ல நின்னு பாத்துட்டு திரும்பிப் போவாதீங்க. உங்க புள்ளைக்கு உண்டானது அப்டியே இருக்கும். வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்க.”

அந்தக் கடைசி வரிகளை இன்னொரு தடவை கேட்டேன். பிறகு மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். “சனிக்கிழமை பத்து மணி. எட்டாவது பிள்ளைங்க. முடியாதவங்களுக்குத் திங்கள், அதையும் விட்டா செவ்வாய். நான் வரேன் தனம்.”

பதில் உடனே வந்தது. தனத்திடமிருந்து ஒரு கட்டைவிரல்.